பரங்கிமலையில் ஓர் இரவுக்காட்சி

ஜப்பானியத் துறைமுகமாகிய நாகசாகியை, இரவிலே இனாசா மலைமீதிருந்து காண்பது பேரழகு என்பர். நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பூந்தமல்லியிலிருந்து எங்கள் காட்டுப்பாக்கம் வழியாகச் செல்லும் சாலை, பரங்கிமலை அடிவாரத்தை அடைகின்றது. மலையின் உயரம் ஏறத்தாழ 300 அடியே. ஆயினும், அந்தி சாய்ந்தபின் உச்சியில் நின்றால் சென்னை நகரம் ஒரு நிலப்படமாய் விரியும்.

தென்மேற்கே வரிசையாய் ஒளிர்பவை விமான நிலைய விளக்குகள். கிழக்கே விளக்குகள் முடிந்து இருள் தொடங்கும் கோடே கடற்கரை. வடகிழக்கில் அக்கோட்டின்மேல் இருப்பது துறைமுகம்.

1914 செப்டம்பர் 22 இரவு, அங்கு எரிந்த விளக்குகளே ஜெர்மானியக் கப்பலாகிய எம்டனுக்கு வழிகாட்டின. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. 1942இல் ஜப்பானியர் தாக்குவர் என்றஞ்சி, நகரமே விளக்குகளை மறைத்தது. அன்று இம்மலைமேல் நின்றவர் இருளையன்றி வேறெதைக் கண்டிருப்பார்? நாகசாகியோ 1945 ஆகஸ்டு 9ஆம் நாள் அணுகுண்டால் அழிந்தது. இன்று அங்கும் விளக்குகள் ஒளிர்கின்றன, இங்கும் ஒளிர்கின்றன.

மக்கள் அச்சமின்றி விளக்கேற்றி வைப்பதே அமைதி. மலையேறுவோர் தம் பிள்ளைகளுக்கு அழகோடு இதனையும் காட்டுவார்களாக!