புதன்கிழமைக் குசினி: பிரான்சில் சின்னப் பிள்ளைக்கு வீட்டில் வேதம் சொல்லிக்கொடுப்பது

வில்லியே லே பெல், சார்செல், ஆர்னுவீல் பக்கம் இருக்கிற எங்கட தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில், சின்னப் பிள்ளைகள் உள்ள அம்மா அப்பாமார் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு கேள்வியோடு தொடங்குறேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல், வீட்டில் வைத்தே, வேதத்தோடு சேர்த்துப் படிப்பிக்கலாமா? அமெரிக்காவில் செய்கிறார்கள், லண்டனில் இருக்கிற மச்சாள் செய்கிறா, இங்கே நாங்கள் செய்யலாமா?

நேராகப் பதிலைச் சொல்லுறேன். “எங்கட விசுவாசத்துக்காக” என்ற காரணத்தை மட்டும் சொல்லி பிரான்சில் அதைச் செய்ய ஏலாது. ஆனால் பிள்ளைக்கு வேதம் சொல்லிக்கொடுக்க நேரம் இல்லை என்று யாராவது சொன்னால், அதுவும் சரியில்லை. இந்த நாட்டுச் சட்டமே அதற்கென்று ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கு. அந்த நாளை எங்களில் நிறையப் பேர் தொலைக்காட்சிக்கும் டேப்லெட்டுக்கும் கொடுத்துவிடுகிறோம். அதை எப்படிக் குசினியில் பிடிப்பது என்பதுதான் இன்றைய காணொளி.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுறேன். இதில் பிழை விட்டால் குடும்பம் கஷ்டப்படும்.

பிரான்சில் 2019இல் இருந்து மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். அதற்கு முன் ஆறு வயது. வீட்டில் படிப்பிக்க விரும்புகிறவர்கள் முன்பு மெரிக்கும் (நகரசபைக்கும்) கல்வித் திணைக்களத்துக்கும் அறிவித்தால் போதும். 2021 ஆகஸ்ட் 24ஆம் திகதிச் சட்டம் அதை மாற்றியது. 2022 செப்டம்பரில் இருந்து முன்கூட்டியே அனுமதி எடுக்க வேணும், பொதுவாக ஒவ்வொரு வருடமும் எடுக்க வேணும். அனுமதிக்கு நாலே நாலு காரணங்கள்தான்: பிள்ளையின் உடல்நிலை அல்லது மாற்றுத்திறன், தீவிரமான விளையாட்டு அல்லது கலைப் பயிற்சி, குடும்பம் இடம்விட்டு இடம் போய்க்கொண்டிருப்பது அல்லது பக்கத்தில் அரசுப் பள்ளிக்கூடமே இல்லாமல் இருப்பது, கடைசியாக, அந்தப் பிள்ளைக்கே உரிய தனிப்பட்ட நிலைமை ஒன்று, அதற்கு ஏற்ற கல்வித் திட்டத்தோடு. மதம் இந்தப் பட்டியலில் இல்லை.

விண்ணப்பக் காலம் மார்ச் 1இல் இருந்து மே 31 வரைக்கும். நாலாவது காரணத்தில் கேட்டால், படிப்பிக்கிறவரிடம் பக் (பள்ளிக்கூட இறுதிப் பரீட்சை) அல்லது அதற்குச் சமமான சான்றிதழ் இருக்க வேணும்; படிப்பு பெரும்பாலும் பிரெஞ்சிலேயே நடக்கும் என்று எழுதிக்கொடுக்க வேணும். வருடத்துக்கு ஒரு தடவையாவது கல்வி அதிகாரிகள் பிள்ளையின் படிப்பைச் சோதிப்பார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர் என்று எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகும் சேர்க்காமல் விட்டால் ஆறு மாதச் சிறையும் 7,500 யூரோ அபராதமும் வரைக்கும் தண்டனை இருக்கு.

இங்கிலாந்தில் கதை வேறு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிள்ளைக்குக் கல்வி கொடுக்கிற கடமையைப் பெற்றோரிடம் வைக்குது. பள்ளிக்கூடம் ஒரு வழி, வேறு வழியும் இருக்கு. ஜெர்மனியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வீட்டுக் கல்விக்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போய், 2006இல் தோற்றது. அதனால் ஆங்கிலக் காணொளியில் ஒரு அம்மா சொல்வதைக் கேட்டு இங்கே பிள்ளையை நிற்பாட்டிவிடாதேங்கோ. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு சட்டம்.

கத்தோலிக்கத் தனியார் பள்ளிக்கூடம் இன்னொரு வழி. 1959இல் வந்த தெப்ரே சட்டத்தின்படி அரசோடு ஒப்பந்தம் போட்டவை பெரும்பாலும். பாடத்திட்டம் அரசுடையது, மறைக்கல்வி விரும்பினவர்களுக்கு, கட்டணம் உண்டு. வசதி உள்ளவர்கள் யோசிக்கலாம். மற்றவர்களுக்குத்தான் நான் இப்போது சொல்லப்போவது.

ஜூல் பெரி கொண்டுவந்த 1882 மார்ச் 28ஆம் திகதிச் சட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. கல்வியைக் கட்டாயமாக்கி, மதபோதனையை வகுப்பில் இருந்து வெளியே எடுத்த சட்டம். அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை தவிர வாரத்தில் இன்னொரு நாள் அரசு ஆரம்பப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட வேணும், பெற்றோர் விரும்பினால் பள்ளிக்கூடத்துக்கு வெளியே பிள்ளைக்கு மதபோதனை கொடுப்பதற்காக. அந்த நாள் முதலில் வியாழன். 1972இல் புதன்கிழமை ஆனது. இன்றைக்கும் கல்விச் சட்டக் கோவையில் அந்த வரி அப்படியே இருக்கு. புதன் என்றால் நீச்சல், ஜூடோ, நித்திரை என்று நாங்கள் நினைக்கிறோம். அந்த நாள் பிறந்ததே உங்கட பிள்ளைக்கு நீங்கள் வேதம் சொல்லிக்கொடுக்க.

2013இல் புதன் காலையிலும் வகுப்பு வைத்தார்கள். 2017க்குப் பிறகு பெரும்பாலான ஊர்கள் நாலு நாள் வாரத்துக்குத் திரும்பிவிட்டன. பாரிஸ் நகரத்துக்குள் புதன் காலை வகுப்பு நடக்குது, மத்தியானத்தில் இருந்து பிள்ளை உங்களுடையது. லா சப்பல் பக்கம் இருக்கிறவர்களுக்கு அந்தப் பின்னேரம் போதும்.

இன்னும் ஒன்று, இது நிறையப் பேருக்குத் தெரியாது. மத்தேர்னெல் என்கிற பாலர் பள்ளியின் முதல் வருடத்தில், அதாவது பெத்தித் செக்ஸியோனில் இருக்கிற மூன்று வயதுப் பிள்ளையைப் பின்னேரங்களில் வீட்டில் வைத்திருக்க நீங்கள் எழுதிக் கேட்கலாம். பள்ளிக்கூட அதிபரிடம் கடிதம் கொடுக்க வேணும், முடிவு கல்வி இன்ஸ்பெக்டருடையது. 2019இல் இருந்து இந்த வழி இருக்கு. காலையில் பள்ளிக்கூடம், மத்தியானம் வீட்டுச் சோறு, பிறகு அம்மாவோடு தமிழ். மூன்று வயதுக்கு அதைவிட வேறென்ன வேணும்?

பங்குகளில் மறைக்கல்வி வகுப்பு வழக்கமாக எட்டு வயதளவில்தான் ஒழுங்காகத் தொடங்கும். அதற்கு முன் மூன்றில் இருந்து ஏழு வயது வரைக்கும் “எவெய் ஆ லா புவா” என்று சின்னப் பிள்ளைகளுக்கான விசுவாச அறிமுகம் சில இடங்களில் இருக்கு, இடைக்கிடைதான் கூடுவார்கள். ஆகவே பிள்ளை அதிகமாகக் கேள்வி கேட்கிற அந்த நாலு ஐந்து வருடமும் வீட்டின் கையில்தான் இருக்கு. சரி, குசினிக்கு வாங்கோ.

ஏன் குசினி? மூன்று நாலு வயதுப் பிள்ளையை மேசையில் இருத்தி வேதாகமத்தைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் கதிரையை விட்டு இறங்கிவிடும். கையில் மாவைக் கொடுத்தால் இருபது நிமிடம் நிற்கும். வேதாகமமும் சாப்பாட்டால் நிறைந்த புத்தகம். பருப்பு, மா, எண்ணெய், உப்பு, மீன், புளிக்காத அப்பம் எல்லாம் எங்கட குசினியிலேயே இருக்கு.

பருப்பில் தொடங்குங்கோ. மைசூர்ப் பருப்பு, லா சப்பல் கடைகளில் ஐந்து கிலோப் பையில் விற்பது. பிரெஞ்சு சூப்பர்மார்க்கெட்டில் “லாந்தி கொராய்” என்று கேட்டாலும் அதேதான். ஒரு கோப்பை பருப்பை ஒரு பெரிய சட்டியில் போட்டு, பிள்ளையை ஒரு முக்காலியில் ஏற்றி, தண்ணீர்க் குழாயடியில் நிற்பாட்டுங்கோ. கழுவுவது பிள்ளையின் வேலை. முதல் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வரும். ஊற்றிவிட்டு மறுபடி. ஒவ்வொரு தரமும் “இப்ப என்ன நிறம்?” என்று கேளுங்கோ. தண்ணீர் தெளிந்து, கீழே பருப்பு செம்மஞ்சளாகத் தெரியும்போது பிள்ளையே நிற்பாட்டும். நீங்கள் சொல்லத் தேவையில்லை.

மூன்று கோப்பை தண்ணீர், கொஞ்சம் மஞ்சள், நறுக்கின வெங்காயம், கீறின ஒரு பச்சை மிளகாய். ஊறவைக்கத் தேவையில்லை. அடுப்பில் வைத்தால் கால்மணி நேரத்தில் அவியும். அந்தக் கால்மணிதான் உங்கட வகுப்பு.

தொடக்க நூலின் 25ஆம் அதிகாரம். ஏசா காட்டில் இருந்து களைத்துப்போய் வாறான். தம்பி யாக்கோபு பருப்புக் கூழ் காய்ச்சிக்கொண்டு நிற்கிறான். மூத்த மகனுக்கு உரிய உரிமையை ஏசா ஒரு கோப்பைக் கூழுக்கு விற்றுவிடுகிறான். இந்தக் கதையைச் சாப்பிட்ட பிறகு சொல்லாதேங்கோ. பானை கொதிக்கும்போது, வெங்காய வாசம் வரும்போது, பிள்ளைக்கு வயிறு கடிக்கும்போது சொல்லுங்கோ. அப்போதுதான் ஏசாவின் பசி விளங்கும். “உனக்கு அப்பிடிப் பசித்தால் எதைக் கொடுத்திருப்பாய்? உன்ர சைக்கிளைக் கொடுப்பியா?” என்று கேளுங்கோ. பிள்ளை நல்லாக யோசிக்கும். யோசிக்க விடுங்கோ, பதிலை நீங்கள் சொல்லிவிடாதேங்கோ.

மூடியைத் திறந்தால் செம்மஞ்சளாய் இருந்த பருப்பு மஞ்சளாகி இருக்கும். வேதாகமத்தில் சிவப்புக் கூழ் என்று இருக்கு, எங்கட கறி ஏன் மஞ்சள் என்று ஆறு வயதுப் பிள்ளை கேட்கக்கூடும். அவித்தால் இந்தப் பருப்பின் நிறம் மாறும், மஞ்சளும் போட்டோம், யாக்கோபு வேறு ஏதும் போட்டிருப்பான் என்று சொல்லலாம். அப்படிக் கேட்கிற பிள்ளை கதையைக் கவனித்துக் கேட்டிருக்கு. அதில் சந்தோஷப்படுங்கோ.

கடைசியில் உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும். பிள்ளையின் பங்கை எடுத்துவைத்துவிட்டுப் பெரியவர்களுக்குக் கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் தாளித்துப் போடுங்கோ. சோறு, பருப்பு, ஒரு முட்டைப் பொரியல். சமையல் முடிந்தது. நாலு கறி வைக்கிற நாளில் இதைச் செய்ய முயற்சிக்காதேங்கோ. கறி கூடினால் அம்மாவுக்குக் கோபம் கூடும், கதை குறையும்.

சாப்பிடும்போது பிள்ளையைக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கோ. ஷார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் 1886இல் வீட்டுக் கல்வி பற்றி எழுதின புத்தகம் இன்றைக்கும் கிறிஸ்தவ வீட்டுக்கல்விக்காரர் படிக்கிறது. ஆறு வயதுக்கு முன் பாடம் திணிக்காதே, பிறகு பாடத்தைச் சுருக்கமாக வை, பிள்ளை கேட்டதைத் தன் வாயால் சொல்லவிடு என்பவை அவருடைய முக்கியமான யோசனைகள். ஆச்சிமார் “எங்க, நீ சொல்லு பாப்பம்” என்று கேட்டது இதையேதான். பிள்ளை பாதி தமிழில், பாதி பிரெஞ்சில் சொல்லும். இடையில் திருத்தாதேங்கோ. முடிந்த பிறகு அதே கதையை நீங்கள் ஒருக்கால் நல்ல தமிழில் சொல்லுங்கோ. அடுத்த புதன் இரண்டு சொல் கூடுதலாக வரும்.

ரொட்டி இன்னொரு நல்ல பாடம். 250 கிராம் கோதுமை மா, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். எங்கட பக்கத்து ஊர் சார்செலில் யூதக் குடும்பங்கள் நிறைய. பாஸ்கா வரும் காலத்தில் அங்கே கடைகளில் புளிக்காத அப்பம் பெட்டி பெட்டியாக அடுக்கி இருக்கும். மாவில் தண்ணீர் பட்டதில் இருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்க வேணும் என்பது அவர்களுடைய ஒழுங்கு. அடுப்பு மணியை 18இல் வைத்துவிட்டு, பிள்ளையோடு மா பிசைந்து, தட்டி, தாச்சியில் போட்டுப் பாருங்கோ. இஸ்ரயேலர் எகிப்தில் இருந்து புறப்பட்ட அவசரம் பிள்ளையின் கைக்குத் தெரியும். பிறகு கடையில் இருந்து ஒரு பெட்டி அப்பம் வாங்கி, பக்கத்தில் வைத்து ருசி பார்க்கலாம். உங்கட பிள்ளையின் வகுப்பில் யூதப் பிள்ளை இருந்தால், அந்த வீட்டுப் பண்டிகையை மதிக்கவும் அதில் இருந்தே பழகும்.

மாதக் கடைசியில் மா வாளியின் அடி தெரிகிற நாளும் வரும். எங்கட வீடுகளில் அது புதினமில்லை. வாடகை, நவிகோ பயண அட்டை, ஊருக்கு அனுப்புகிற காசு எல்லாம் போன பிறகு வருகிற நாள். அன்றைக்கு 1 அரசர் 17ஆம் அதிகாரம் சொல்லுங்கோ. சாரிபாத்து விதவையிடம் பானையில் ஒரு கைப்பிடி மா, கலயத்தில் கொஞ்ச எண்ணெய். அதில் எலியாவுக்கு முதலில் ஒரு அப்பம் சுட்டுக் கொடுத்தா. வாளியைச் சரித்து, அடியில் இருக்கிற மாவைப் பிள்ளைக்குக் காட்டி இந்தக் கதையைச் சொன்னால், வீட்டுக் கஷ்டத்தை மறைக்கவும் தேவையில்லை, பிள்ளையைப் பயப்படுத்தவும் தேவையில்லை. ஒரு ரொட்டியைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பிள்ளையின் கையில் கொடுத்து விடுங்கோ.

பிரெஞ்சுப் பண்டிகைச் சாப்பாட்டையும் விடாதேங்கோ. ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் கலேத் கேக் சாப்பிட்டு, தலையில் காகிதக் கிரீடத்தோடு பிள்ளை வரும். அது மூன்று ராசாக்கள் திருநாள் என்று வீட்டில்தான் சொல்ல வேணும். பிப்ரவரி 2இல் ஷாந்தலர், நாடு முழுக்க கிரெப் சுடுகிற நாள். இயேசு பிறந்து நாற்பதாம் நாள் அவரைக் கோவிலில் காணிக்கையாகக் கொடுத்த திருநாள் அது. 250 கிராம் மா, நாலு முட்டை, அரை லீட்டர் பால். கையில் ஒரு காசை இறுக்கிக்கொண்டு கிரெப்பைத் தூக்கிப் புரட்டுவது இங்கத்தைய வழக்கம். புரட்டுகிற நேரம், கிழவர் சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்தின கதையைச் சொல்லலாம். வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் கிரெப் தெரியும், உங்கட பிள்ளைக்குச் சிமியோனையும் தெரிந்திருக்கும்.

புதன் வேலை இருக்கு, என்ன செய்வது என்று கேட்கிற அம்மாமார் இருக்கினம். துப்புரவு வேலை, முதியோர் வீட்டு வேலை, லீவு கேட்க ஏலாது, பிள்ளை சாந்தர் து லுவாசீர் என்கிற பராமரிப்பு நிலையத்தில். அப்படி என்றால் அப்பாவைப் பிடியுங்கோ. எங்கட அப்பாமாரில் எத்தனை பேர் இருபது முப்பது வருடமாகப் பாரிஸ் ரெஸ்டோரண்ட் குசினிகளில் நிற்கிறார்கள்! வெங்காயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார்கள், கிரெப்பை ஒற்றைக் கையால் புரட்டுவார்கள், தங்கட பிள்ளைக்கு மட்டும் அதைக் காட்ட நேரம் வராமல் போகுது. வேலை இல்லாத நாள் ஞாயிறோ திங்களோ, எதுவாகவும் இருக்கட்டும். ஆர்.இ.ஆர். டி பிடித்து வீட்டுக்கு வந்து, குளித்து, பிள்ளையோடு ஒரு பருப்பு வைக்கட்டும். கதை மறந்துபோனால் அம்மா முதல் நாள் இரவே ஒருக்கால் வாசித்துக் காட்டட்டும். அவருக்கு உப்பு எவ்வளவு என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.