கறுப்பின வரலாறு வீராம்பட்டினத்துக்கும் பாடம்தான்

கறுப்பின மக்களின் வரலாற்றை அமெரிக்கப் பிள்ளைகளுக்கான பாடமாகவே நாம் பார்க்கிறோம். அமெரிக்க வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சன் 1926-இல் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரம், இன்று அங்கே பிப்ரவரி மாதம் முழுவதற்கும் விரிந்துவிட்டது. அதற்கான பாடங்களும் மூல ஆவணங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதுச்சேரிக் கடலோர ஊரான வீராம்பட்டினத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவை எதற்கு என்று கேட்கலாம். அந்த வரலாற்றில் அவர்கள் ஊர்க் கடலுக்கும் பங்கு உண்டு என்பதே பதில்.

பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து அடிமைகள் மொரீஷியசுக்கும் ரீயூனியனுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். ஆட்களைக் கடத்திவந்து அடைத்துவைத்து விற்ற கொடுமையைப் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1743-இல் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 1848 ஏப்ரல் 27-இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. ரீயூனியனில் மட்டும் 60,000-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது முதலாளிகளின் பார்வை புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. 1853-இல் 'ஒரேலி' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளைக் கரீபியன் தீவான மார்த்தினிக்கில் இறக்கியது. அருகிலுள்ள குவாதலூப் தீவுக்கு மட்டும் பின்னர் ஏறத்தாழ 42,000 பேர் போனார்கள். ஆப்பிரிக்கர் விட்டுப்போன வயலில்தான் தமிழர் இறங்கினர். முன்னவர் கதையைச் சொல்லாமல் பின்னவர் கதையைச் சொன்னால் பாதிதான் புரியும்.

பாடநூலின் ஒரு பத்தியைவிட மூல ஆவணம் பிள்ளைகளிடம் ஆழமாகப் பதியும். 'ஸ்லேவ் வாயேஜஸ்' தளத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த 36,000 கப்பல் பயணங்கள் பதிவாகியுள்ளன. அத்தளத்தின் மதிப்பீட்டில், ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர். கரையிறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. கழித்துப் பார்க்கச் சொன்னால் 18 லட்சம் உயிர்கள் கடலிலேயே போனதை மாணவரே கண்டுபிடிப்பார். பிரெஞ்சு ஆவணக் காப்பகத் தளத்தில் விடுதலை பெற்றோரின் பதிவேடுகள் இருக்கின்றன. அதுவரை குடும்பப் பெயரே இல்லாதிருந்தவருக்கு ஒரு பெயர் சூட்டப்பட்ட வரியை அங்கே நேரில் பார்க்கலாம்.

நம் ஊர்ச் சாதிக் கொடுமையைப் பேசாமல் அயலார் துயரம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் நம் முன்னோடிகளே. ஜோதிராவ் புலே 1873-இல் தம் 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்புக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946-இல் கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின வரலாற்று மாதத்தைப் பார்த்தே 2015-இல் தலித் வரலாற்று மாதம் தொடங்கியது. அங்குள்ள விலங்கை அடையாளம் காணப் பழகிய பிள்ளைக்கு இங்குள்ளதும் கண்ணில் படும். இந்தத் தளங்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தானே இருக்கின்றன என்பது இன்னொரு தயக்கம். பிரெஞ்சு படித்தவர்கள் புதுச்சேரியில் இன்றும் இருக்கிறார்கள். ஆசிரியர் ஓர் ஆவணத்தை முன்பே தமிழில் குறித்துவைத்தால் வகுப்புக்கு ஒரு திரை போதும்.

ஆகஸ்ட் 23, அடிமை வணிகத்தையும் அதன் ஒழிப்பையும் நினைவுகூரும் பன்னாட்டு நாள். ஆசிரியர்களே, இந்த ஆண்டு அந்த வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள்.