கல்லீரல் கட்டிகளில் தீங்கற்றவையும் புற்றும்: திசு ஆய்வில் வேறுபாடு காணும் முறை

ஆய்வுச் சுருக்கம்

கல்லீரலில் தோன்றிய கட்டி தீங்கற்றதா, புற்றா என்னும் வினாவுக்குப் படப்பதிவுகள் விடை தராதபோது திசு ஆய்வே துணையாகிறது. குவிய முடிச்சு மிகைவளர்ச்சி, கல்லீரல் அடினோமா, நன்கு முதிர்ந்த உயிரணுக்களைக் கொண்ட கல்லீரல் உயிரணுப் புற்று ஆகிய மூன்றையும் நோயியலார் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்லீரல், அடினோமா, ரெட்டிகுலின், கிளிப்பிக்கன்-3, திசு ஆய்வு.

முன்னுரை

கல்லீரல் உயிரணுப் புற்று பெரும்பாலும் சிரோசிஸ் எனப்படும் இழைநார் வளர்ச்சி கண்ட கல்லீரலில் தோன்றுகிறது. அத்தகையோரிடம் படப்பதிவில் உரிய அடையாளங்கள் தெளிவாக இருப்பின் திசு எடுக்காமலே நோயை உறுதிசெய்ய இயலும். ஆனால் சிரோசிஸ் இல்லாத கல்லீரலில் தோன்றும் கட்டியில் மேற்கூறிய மூன்றும் ஒன்றையொன்று ஒத்திருக்கக்கூடும். மூன்றிலும் உள்ளவை கல்லீரல் உயிரணுக்களே. ஆகவே ஹெப்பார்-1, ஆர்ஜினேஸ்-1 ஆகிய சாயங்கள் உயிரணுவின் பிறப்பிடத்தைக் காட்டுமேயன்றி, கட்டியின் தன்மையைக் காட்டமாட்டா.

இயல்பான அமைப்பு

இயல்பான கல்லீரலில் உயிரணுக்கள் ஒன்று அல்லது இரண்டு உயிரணுத் தடிப்புள்ள தகடுகளாக அமைந்துள்ளன. தகடுகளை ரெட்டிகுலின் என்னும் நுண்ணிழை வலை தாங்குகிறது. வெள்ளி உப்புச் சாயத்தில் இது கருநிறக் கோடாகத் தெரியும். சிரை, தமனி, பித்த நாளம் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும் இடம் போர்ட்டல் பகுதி எனப்படும். இவ்வமைப்பிலிருந்து கட்டி எவ்வளவு விலகியுள்ளது என்பதே ஆய்வின் அடிப்படையாகும்.

தீங்கற்ற கட்டிகள்

குவிய முடிச்சு மிகைவளர்ச்சி என்பது குருதியோட்டம் இயல்பு மாறிய இடத்தில் கல்லீரல் காட்டும் எதிர்வினையேயன்றி உண்மைப் புத்தாக்கக் கட்டி அன்று. நடுவே விண்மீன் வடிவ வடு, தடித்த சுவருடைய தமனிகள், வடுவின் ஓரத்தில் சிறு பித்த நாளங்கள் ஆகியன இதன் அடையாளங்கள். குளுட்டமைன் சின்தெட்டேஸ் சாயம் நிலப்படம் போன்று திட்டுத் திட்டாகப் படியும். இது பெரும்பாலும் அறுவை வேண்டாதது.

அடினோமாவில் போர்ட்டல் பகுதிகள் இரா. பித்த நாளத் துணையின்றித் தனித்த தமனிகள் காணப்படும். தகடுகள் தடிக்கா; ரெட்டிகுலின் வலை குலையாது. கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. இதன் உள்வகைகளைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. எச்.என்.எஃப்.1ஏ மரபணு செயலிழந்த வகையில் கல்லீரல் கொழுப்பமிலப் பிணைப்புப் புரதம் மறைந்துவிடும். அழற்சி வகையில் சி-வினைப் புரதம் மிகும். பீட்டா-கட்டெனின் மரபணு மாறிய வகையே புற்றாக மாறும் வாய்ப்பு மிக்கது. அதில் பீட்டா-கட்டெனின் உட்கருவில் தென்படலாம். குளுட்டமைன் சின்தெட்டேஸ் பரவலாகப் படியலாம்.

புற்றின் அடையாளங்கள்

தகடுகள் மூன்று உயிரணுக்களுக்கு மேல் தடித்தல், போலிச் சுரப்பி வடிவங்கள், உயிரணுவின் அளவை நோக்க உட்கரு பெரிதாதல், ரெட்டிகுலின் குன்றுதல் அல்லது சிதைதல், சி.டி.34 சாயம் குருதி நுண்வெளிகள் எங்கும் பரவிப் படிதல் ஆகியன புற்றைச் சுட்டுவன. கிளிப்பிக்கன்-3 படிவது இம்முடிவுக்கு வலுச்சேர்க்கும்.

தனிச் சான்றின் எல்லை

இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்புக் கூறவல்லது அன்று. கொழுப்பு மிகுந்த தீங்கற்ற திசுவிலும் ரெட்டிகுலின் குறையும். நன்கு முதிர்ந்த உயிரணுக்களைக் கொண்ட புற்றில் கிளிப்பிக்கன்-3 படியாமலும் போகலாம். எனவே அது இன்மை புற்றின்மைக்குச் சான்றாகாது. மேலும், ஊசிவழி எடுக்கும் திசு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலமே கொண்டது. கட்டியின் ஒரு பகுதி அடினோமாவாகவும் மறுபகுதி புற்றாகவும் இருப்பின், ஊசி சென்ற இடமே அறிக்கையாகிவிடும். ஆதலால் கட்டியோடு அதனைச் சூழ்ந்த கல்லீரல் திசுவையும் எடுத்தல், நோயாளியின் வயது, பாலினம், மருந்து வரலாறு, படப்பதிவு ஆகியவற்றை ஒப்புநோக்கல் தேவையாகின்றன.

முடிவுரை

பிழையான அறிக்கையின் விளைவு இருமுனைப்பட்டது: ஒருவர் வேண்டாத அறுவைக்கு உள்ளாவார், மற்றொருவர் குணமாக்கத்தக்க காலத்தை இழப்பார். இங்குக் கலைச்சொல் பற்றியும் ஒரு கருத்தைக் குறிப்பிட வேண்டும். ‘தீங்கற்ற’ என்னும் சொல் ஆபத்தே இல்லை என்ற பொருளைத் தருகிறது. ஆயின் 5 செ.மீ.க்கு மேற்பட்ட அடினோமா வெடித்து வயிற்றினுள் குருதி கசியலாம்; ஆண்களிடம் தோன்றும் அடினோமாவை அளவு நோக்காது அகற்றுமாறு பரிந்துரைக்கின்றனர். ஊடுருவாத, பிற உறுப்புகளுக்குப் பரவாத கட்டி என்பதே இச்சொல் உணர்த்தவேண்டிய பொருள். தமிழில் மருத்துவம் எழுதுவோர் இவ்வேறுபாட்டை விளக்கியே இச்சொல்லைக் கையாளுதல் நன்று.