சுவரில் முடிக்கப்படும் இயந்திரம்

வெப்பம் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். அதை எதிர்த்திசையில் தள்ளும் கருவி வெப்பப் பம்பு. ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் விடுவது அதன் வேலை. தமிழ்நாட்டில் வேலை தலைகீழ்: வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி மொட்டை மாடியிலோ பால்கனியிலோ கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஸ்பிளிட் ஏசி செய்வது இதைத்தான். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்கு ஏற்ற ‘ஹாட் அண்டு கோல்டு’ ஏசியில் ஓட்டத்தின் திசையை மாற்றும் ஒரு வால்வு கூடுதலாக இருக்கும். அது திரும்பினால் அதே இயந்திரம் அறையைச் சூடாக்கும்.

வெப்பத்தைச் சுமந்து செல்வது மெக்கானிக்குகள் ‘கேஸ்’ என்று சொல்லும் குளிர்பொருள். இன்றைய ஏசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-32. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 52 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை ஏறும், குறைத்தால் இறங்கும். இண்டோர் யூனிட்டின் குழாய்ச் சுருளில் அழுத்தம் குறைவு; அங்கே சுமார் 10 டிகிரியில் கேஸ் ஆவியாகி அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்குகிறது. அவுட்டோர் யூனிட்டில் 45, 50 டிகிரியில் அது மறுபடி திரவமாகி, எடுத்த வெப்பத்தை வெளியே விடுகிறது. ஒன்றரை டன் ஏசி சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற ஏறத்தாழ 1.5 கிலோவாட் மின்சாரம்தான் எடுக்கிறது. இந்த டன் இயந்திரத்தின் எடை அல்ல. 907 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பம்தான் ஒரு டன். ஐஸ் பாளங்களால் குளிரூட்டிய காலத்து அளவு அது.

ஃபிரிட்ஜும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். ஆனால் அதன் குழாய்கள் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்படுகின்றன. வீட்டில் பிளக்கைச் சொருகினால் போதும். ஸ்பிளிட் ஏசி இரண்டு பாதிகளாக வந்து இறங்குகிறது. இரண்டையும் இணைக்கும் காப்பர் பைப்பை வெட்டுவது, முனையை விரிப்பது, நட்டை முறுக்குவது, உள்ளிருக்கும் காற்றை எடுப்பது எல்லாம் வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில், ஏணியின் மேல் நடக்கின்றன. உற்பத்தியின் கடைசிக் கட்டம் உண்மையில் அங்கேதான். அடுத்தடுத்த வீடுகளில் ஒரே மாடல் ஏசி ஒன்று பத்து ஆண்டு உழைப்பதற்கும், மற்றொன்று மூன்றாம் ஆண்டிலேயே கம்ப்ரசர் போய் நிற்பதற்கும் காரணம் பெரும்பாலும் கம்பெனி அல்ல, அந்த இரண்டு மணி நேர வேலை.

முதல் கேள்வி அவுட்டோர் யூனிட் எங்கே என்பது. வெப்ப இயக்கவியலின்படி, ஒரு பங்கு மின்சாரத்தால் அதிகபட்சம் எத்தனை பங்கு வெப்பத்தை நகர்த்தலாம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: உள்சுருளின் வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்து, உள்ளுக்கும் வெளிக்குமான வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். உள்சுருள் 10 டிகிரி, வெளிச்சுருள் 45 டிகிரி என்றால் 283-ஐ 35-ஆல் வகுத்து 8 கிடைக்கும். வெளிச்சுருள் 55 டிகிரிக்குப் போனால் அது 6.3 ஆகிவிடும். நிஜ இயந்திரம் இந்த உச்சத்தை எட்டாது. ஆனால் சரிவு இதே போக்கில்தான் இருக்கும். மூன்று பக்கமும் சுவரும் முன்னால் கிரில்லும் உள்ள பால்கனி மூலையில் யூனிட்டைச் செருகினால், அது கக்கிய சூடான காற்றையே திரும்ப இழுத்து 10 டிகிரியைத் தானே ஏற்றிக்கொள்ளும். முகப்பு அழகு கெடக் கூடாது என்று அடுக்குமாடிகளில் அவுட்டோர் யூனிட்டுகளையெல்லாம் குறுகிய டக்டுக்குள் அடுக்கிவைக்கும் வழக்கத்துக்கு, குடியிருப்பவர்கள் ஒவ்வொரு மாதமும் மின்கட்டணத்தில் விலை கொடுக்கிறார்கள். பின்புறம் குறைந்தது 10 சென்டிமீட்டர், முன்புறம் அரை மீட்டருக்கு மேல் திறந்தவெளி என்பது பொதுவான அளவு. கையேட்டில் அந்த மாடலுக்குரிய அளவு படத்தோடு இருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று நேராக அடிக்கும் பக்கத்தையும் தவிர்ப்பது நல்லது. அலுமினியத் தகடுகள் அங்கே சீக்கிரம் பொடிந்துவிடும்.

முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள, இடைவிடாமல் அதிரும் பொருளைத் தாங்கும் ஆங்கிள் ஸ்டாண்டின் போல்ட்டுகள் கான்கிரீட்டிலோ கெட்டியான செங்கல் சுவரிலோ இறங்க வேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஆங்கர் போல்ட் பிடித்ததுபோல் தோன்றும். உள்ளே இருப்பது வெற்றிடம். மேல்மாடியில் சன்ஷேடில் இறங்கி வேலை செய்பவர் இடுப்பில் சேஃப்டி பெல்ட் இல்லாமல் இறங்குவதை வீட்டுக்காரர் அனுமதிக்கவே கூடாது. இந்தத் தொழிலில் உயிர் போகும் வழிகளில் மின்சாரத்துக்குச் சளைத்ததல்ல உயரம்.

அடுத்தது குழாய். ஆர்-32, பழைய ஆர்-22-ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஓடுவது. அதனால் அரை அங்குலம் வரையிலான பைப்புக்கு 0.8 மில்லிமீட்டர் சுவர்த் தடிமன் தேவை. கட்டர் போட்டு வெட்டிய முனையில் உள்விளிம்பில் நிற்கும் பிசிறை வழிக்கும்போது பைப்பின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செம்புத் துகள் உள்ளே விழுந்து கம்ப்ரசருக்குப் போய்ச்சேரும். பிறகு நட்டைக் கோர்த்து, முனையைப் புனல் வடிவில் விரிக்க வேண்டும். இதுதான் ஃபிளேர். (நட்டைக் கோர்க்க மறந்துவிட்டு அழகாக ஃபிளேர் போட்டு முடித்தவர், வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.) வாஷர் எதுவும் இல்லாமல், செம்பு பித்தளையின்மேல் அழுந்தி உட்காருவதால் மட்டுமே அந்த இணைப்பு கசியாமல் நிற்கிறது. கால் அங்குல நட்டுக்குச் சுமார் 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை அங்குலத்துக்கு 50 முதல் 60 என்று முறுக்குவிசைக்கு அளவு உண்டு. அதற்கு டார்க் ரெஞ்ச் வேண்டும். குறைத்து முறுக்கினால் கசியும். ‘இன்னும் கொஞ்சம் டைட் பண்ணு’ என்று ஸ்பேனரில் தொங்கினால் ஃபிளேரின் கழுத்து மெலிந்து, சில மாத அதிர்வில் விரிசல் விடும். ஒரு ஸ்பேனர் எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க, இன்னொன்று திருப்ப வேண்டும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் குழாய்க்குள் உலர்ந்த நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். அழுத்தம் கையேடு சொல்லும் எல்லைக்குள் இருக்க வேண்டும். நைட்ரஜன் சிலிண்டர் கைவசம் இல்லை என்று வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜனை ஏற்றுவது தற்கொலைக்குச் சமம். அழுத்தமான ஆக்சிஜன் கம்ப்ரசர் எண்ணெயைத் தொட்டால் வெடிக்கும்.

இதன் பிறகு வருவதுதான் வேலையின் உயிர்நாடி, ஆனால் மிக எளிதாகத் தவிர்க்கப்படுவதும் அதுவே. புதிதாக இணைத்த குழாயில் வெறும் காற்றும், காற்றோடு ஈரமும் இருக்கின்றன. காற்று, ஆர்-32-ஐப் போல அவுட்டோர் சுருளில் திரவமாகாது. அங்கேயே தங்கி இடத்தை அடைத்து அழுத்தத்தையும் மின்செலவையும் ஏற்றும். ஈரம் அதைவிட மோசம். கம்ப்ரசரில் உள்ள எஸ்டர் வகை எண்ணெய் தண்ணீரை ஆவலோடு உறிஞ்சும். சூட்டில் இரண்டும் வினைபுரிந்து அமிலம் உண்டாகும். அது மோட்டார் காயிலின் வார்னிஷை மெல்ல அரிக்கும். விளைவு முதல் வாரத்தில் தெரியாது, ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். அப்போது பழி மின்வாரியத்தின் வோல்டேஜ் மேல் விழும்.

குறுக்குவழி ஒன்று புழக்கத்தில் உண்டு: அவுட்டோர் யூனிட்டில் இருக்கும் கேஸையே சில விநாடி திறந்துவிட்டு, அதன் வேகத்தில் காற்றை வெளியே தள்ளுவது. காற்றில் ஒரு பகுதி போகும்; குழாயின் உட்சுவரில் ஒட்டிய ஈரம் போகாது. கம்பெனி கிராம் கணக்கில் நிரப்பிய கேஸும் குறையும். வெளியேறிய ஆர்-32, அதே எடை கரியமில வாயுவைப் போல நூறாண்டுக் கணக்கில் 675 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது.

சரியான வழி வேக்கம் பம்பு. அதன் சாமர்த்தியம் காற்றை இழுப்பதோடு முடிவதில்லை. 25 டிகிரி அறையில் அழுத்தம் 24 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்கியதும், குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் அந்த வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகிப் பம்பு வழியே போய்விடும். இலக்கு 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் பாதரசம். வெளியே இருக்கும் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான். சாதாரண கேஜின் முள் இந்த அளவுக்கு வெகு முன்பே அடிமட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும் என்பதால் அதை நம்பிப் பயனில்லை, டிஜிட்டல் மைக்ரான் கேஜ் வேண்டும். இலக்கைத் தொட்டதும் வால்வை மூடிவிட்டுச் சில நிமிடம் பார்க்க வேண்டும். எண் ஏறக்குறைய நிலையாக நின்றால் குழாய் உலர்ந்திருக்கிறது. கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் இன்னும் ஈரம் மிச்சம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. இத்தனையும் அரை மணி நேர வேலை.

வேக்கம் தேறிய பிறகே அவுட்டோர் யூனிட்டின் இரண்டு வால்வுகளையும் திறந்து கேஸைக் குழாய்க்குள் விட வேண்டும். கம்பெனி குறிப்பிட்ட நீளத்தைவிடக் குழாய் நீண்டால், மீட்டருக்கு இத்தனை கிராம் என்று எடைபோட்டுச் சேர்க்க வேண்டும். கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுவது பழைய பழக்கம். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. காற்றில் 14 சதவீதம் அளவுக்குக் கலந்தால்தான் எரியும் என்பதால் சாதாரணக் கசிவு ஆபத்தில்லை. ஆனால் காற்றைவிடக் கனமானது, மூடிய சிறு அறையில் தரையோடு தேங்கும். நெருப்பில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயுவாகும். ஆர்-290 எனப்படும் புரொப்பேன் கொண்ட ஏசிகளில் இந்தக் கவனம் பல மடங்கு வேண்டும்; அதற்கு 2 சதவீதமே போதும்.

ஈரப்பதம் மிகுந்த நாளில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும். ட்ரெயின் பைப் எங்கும் மேலே ஏறாமல் ஒரே சரிவாக இறங்க வேண்டும். சுவரில் போட்ட துளையும் வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்து, கடைசியில் புட்டியால் அடைபட வேண்டும். இல்லையேல் அந்த வழியாகப் பல்லி நுழைந்து சர்க்யூட் போர்டில் செத்துக்கிடக்கும்.

மின்சாரம் மெயின் போர்டிலிருந்து தனி லைனாக, நடுவில் ஜாயிண்ட் இல்லாமல் வர வேண்டும். ஏசி தீவிபத்துகளுக்குக் காரணமாவதில் முக்கியமானது கேஸ் அல்ல, லூசான ஸ்குரு. 7 ஆம்பியர் ஓடும் ஒரு முனையில் அரை ஓம் தடை இருந்தால், 7-இன் வர்க்கத்தை அரையால் பெருக்க, சுமார் 25 வாட் சூடு ஒரு புள்ளியில் குவியும். பிளாஸ்டிக் உருக அது போதும். எம்.சி.பி. இதைத் தடுக்காது. ஓடும் மின்னோட்டம் அதன் கண்ணுக்கு நியாயமான அளவுதான். உடலில் ஷாக் ஏறாமல் காப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் முறையான எர்த்தும். எர்த் இல்லாத பழைய வீடுகளில் பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடும் வேலை கொலைகாரத்தனமானது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் இயந்திரத்தின் உடல் முழுக்க 230 வோல்ட் நிற்கும். இன்வெர்ட்டர் ஏசியின் அவுட்டோர் யூனிட்டைத் திறப்பவர் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடம் பொறுக்க வேண்டும். அதன் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும்.

ஓட்டிப் பார்க்கையில், கால் மணி நேரம் கழித்து உள்ளே போகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருப்பது நல்ல அறிகுறி. கிளாம்ப் மீட்டர் காட்டும் ஆம்பியரைப் பெயர்ப்பலகையோடு ஒப்பிட்டு, தட்டில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி ட்ரெயின் ஓடுகிறதா என்று பார்த்து, இணைப்புகளில் மீண்டும் சோப்பு நுரை வைத்தால் வேலை முடிந்தது. அதன்பிறகு ஆண்டுதோறும் ‘கேஸ் போட’ வேண்டிய தேவையே இல்லை. மூடிய சுற்றில் கேஸ் செலவாவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுபவர் அடுத்த கோடைக்கும் வருவார்.

வீடு மாறும்போது கழற்றுவதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கூலிங்கில் ஓடவிட்டு, திரவக் குழாயின் வால்வை முதலில் மூடி, கேஸ் முழுவதும் அவுட்டோர் யூனிட்டில் சேர்ந்ததும் மற்ற வால்வையும் மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இதற்குப் பம்ப் டவுன் என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயைக் கழற்றினாலோ, கசியும் குழாயோடு நெடுநேரம் ஓட்டினாலோ கம்ப்ரசர் வெளிக்காற்றை உறிஞ்சும். காற்றும் எண்ணெய்த் துளிகளும் சேர்ந்து அமுங்கி டீசல் எஞ்சினில் போலத் தீப்பிடிக்கும், கம்ப்ரசர் குண்டாக வெடிக்கும். ஜப்பானில் இப்படி நடந்த விபத்துகளுக்காக அந்நாட்டின் பொருள் பாதுகாப்பு அமைப்பான நைட் வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகே நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். கழற்றிய குழாயின் வாய்களை அப்போதே மூடிவிட வேண்டும். புது வீட்டில் பழைய ஃபிளேரை வெட்டிவிட்டுப் புதிதாக விரிப்பதும், மறுபடி 500 மைக்ரானுக்கு இறக்குவதும் கட்டாயம்.