காசு விழும் ஓசை கேளாத பெட்டிகள்

தலைநகராம் தில்லியில் நெடுநாள் வாழும் தமிழ்க் குடும்பத்தினர்க்கு இயந்திரத்தினிடம் பொருள் வாங்குதல் புதுமையன்று. 1974-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மதர் டெய்ரியின் பால் சாவடிகளில் பணம் கொடுத்து டோக்கன் பெற்று, அதனை இயந்திரத்தின் துளையில் இட்டு, குழாயின்கீழ்ப் பாத்திரத்தை ஏந்திப் பால் பிடித்து வந்த காலைப் பொழுதுகளைப் பழைய அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரயில் நிலையங்களில் நின்ற எடை பார்க்கும் இயந்திரங்களோ குழந்தைகளுக்குத் திருவிழா. காசு இட்டால் விளக்குகள் மின்னும், சக்கரம் சுழலும், எடையும் அதிர்ஷ்ட வாக்கும் அச்சிட்ட சிறு சீட்டு வந்து விழும். வாக்குப் பலித்ததோ இல்லையோ, சீட்டு வந்தது!

இக்கருவிகளின் மூதாதை மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோ என்னும் அறிஞர், கோயிலில் தீர்த்தம் வழங்கும் கலம் ஒன்றை விவரித்துள்ளார். மேலிருந்து விழும் காசு உள்ளேயுள்ள தட்டில் அமரும். அதன் கனத்தால் நெம்புகோல் சாய்ந்து அடைப்புத் திறக்கும். காசு சரிந்து விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். கொடுத்த காசே கதவைத் திறந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும். கொடுத்தலும் பெறுதலும் ஒரே பெட்டிக்குள், ஒரே அசைவில் முடிந்தன. அட்டை வந்தபின் இவ்விரண்டும் பிரிந்து போயின. பொருள் கண்முன் உள்ள பெட்டியில் இருக்கிறது; பணமோ காணாத தொலைவில் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்குப் போகிறது. இடையே எது தவறினும் பெட்டியைத் தட்டிப் பயனில்லை.

இன்று அலுவலகங்களிலும், விமான நிலையங்களிலும், மெட்ரோ நிலையங்களிலும், மருத்துவமனைக் கூடங்களிலும் நிற்கும் விற்பனை இயந்திரங்கள் பலவற்றில் காசுத் துளையே இல்லை. இதற்கு உரிமையாளரை மட்டும் குறை கூறுதல் முறையாகாது. நம் நாணயங்களின் வகையை எண்ணிப் பாருங்கள். பத்து ரூபாய் நாணயம் மட்டும் 14 வடிவங்களில் வெளிவந்துள்ளது என்றும், அனைத்தும் செல்லும் என்றும் 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் ரிசர்வ் வங்கியே விளக்கம் தர நேர்ந்தது. மனிதரே மயங்கும்போது இயந்திரம் என் செய்யும்? 2023 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி மற்றோர் அறிவிப்பைச் செய்தது. யு.பி.ஐ. வழியே பணம் செலுத்தினால் சில்லறை நாணயம் வழங்கும் இயந்திரங்களை 12 நகரங்களில் சோதனையாக நிறுவுவதே அது. காசை வாங்கிப் பொருள் தந்த பெட்டி போய், கைப்பேசியைப் பார்த்துக் காசு தரும் பெட்டி வந்தது!

அட்டையை ஏற்கும் இயந்திரத்தின் உள்ளே நிகழ்வதைச் சற்று விரித்துரைப்போம். அட்டையைக் காட்டியவுடன், அதனைப் படிக்கும் சிறு கருவி, உள்ளேயுள்ள சிம்மின் துணையால் வங்கிக்குச் செய்தி அனுப்புகிறது. வங்கி இசைந்தபின், அக்கருவி இயந்திரத்தின் மூளைக்குப் ‘பொருளைக் கொடு’ என்று ஆணையிடுகிறது. மோட்டார் சுழல, கம்பிச் சுருள் ஒரு சுற்றுச் சுற்றிப் பிஸ்கட் பொட்டலத்தை முன்னே தள்ளுகிறது. நல்ல இயந்திரங்களில் அடித்தட்டின் குறுக்கே கண்ணுக்குப் புலப்படாத ஒளிக்கதிர் ஓடும். பொட்டலம் அதனை மறித்து விழுந்தால் மட்டுமே விற்பனை முடிந்ததாகக் கொள்ளப்படும். விழாவிடில் பணத்தை விடுவிக்கும் செய்தி திரும்பிச் செல்லும். மலிவான இயந்திரங்களிலோ சுருள் சுற்றினாலே விற்றதாகக் கணக்கு. பொட்டலம் கம்பியில் தொங்கிக்கொண்டு நம்மைப் பார்த்து நிற்பது இத்தகைய பெட்டிகளில்தான்.

நம் நாட்டில் அட்டையைவிட க்யூ.ஆர். சதுரமே இவ்வியந்திரங்களில் மிகுதி. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் கட்டணம் பெறலாகாது என்று அரசு விதித்தது. பிற அட்டைகளுக்குக் கட்டணம் உண்டு. அட்டை படிக்கும் கருவிக்கும் விலை உண்டு. இருபது ரூபாய்ப் பண்டம் விற்பவர் எதனை நாடுவார் என்பது வெளிப்படை. ஆனால் யு.பி.ஐ.யில் பணம் உடனே போய்விடுகிறது. பொருள் வாராதவிடத்து அது தனியாகத் திரும்பி வர வேண்டும்.

அட்டை வைத்திருந்தும் இயந்திரம் மறுத்துவிட்டது என்று குறைப்படுவோர்க்கு ஒரு செய்தி. 5,000 ரூபாய் வரை ரகசிய எண்ணின்றி அட்டையைத் தொட்டுக் காட்டிச் செலுத்த 2021 ஜனவரி முதல் இடமுண்டு. ஆயினும் புதிதாய் வரும் அட்டையில் அவ்வசதி அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். உரியவர் கேட்டாலன்றித் திறக்கலாகாது என்பது 2020-இல் ரிசர்வ் வங்கி இட்ட ஆணை. தம் வங்கியின் செயலியிலோ ஏ.டி.எம்.மிலோ இதனைத் திறந்துகொள்ளலாம். வேண்டாதபோது மூடியும் வைக்கலாம்.

பணம் போயிற்று, பொருள் வரவில்லை என்றால் முதலில் அறிய வேண்டுவது, பணம் எங்கே நின்றது என்பதே. நம் கணக்கில் கழிந்து, விற்பவர்பால் உறுதி சென்று சேராது நடுவழியில் நின்றதாயின், 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி துணை நிற்கும். ஐந்து நாள்களுக்குள் அது தானே திரும்ப வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு உண்டு. பணம் உரிமையாளரைச் சேர்ந்து, பொட்டலம் மட்டும் கம்பியில் சிக்கியதாயின் இவ்விதி உதவாது. அது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடைப்பட்ட வழக்கு. ஆகவே இயந்திரத்தின் எண்ணையும், நேரத்தையும், கைப்பேசியில் தோன்றும் பரிவர்த்தனை எண்ணையும் அப்பொழுதே குறித்துக்கொள்ள வேண்டும். தொங்கும் பொட்டலத்தைப் படம் எடுத்துக்கொள்வது அதனினும் நன்று. இருபது ரூபாய்க்கு இத்தனை பாடா என்று பலரும் விட்டுவிடுகின்றனர்; அவ்விரக்கத்தால் வாழும் பெட்டிகளும் உள.

இதனினும் பெரிதாய் நம் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த பாட்டி, மடியில் முடிந்த ரூபாயோடு, இரவு நேரத்தில் மருத்துவமனைக் கூடத்தில் தண்ணீர்ப் புட்டிகள் நிறைந்த கண்ணாடிப் பெட்டியின் முன் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். அவரிடம் பணம் இல்லாமல் இல்லை. அப்பணத்தை அப்பெட்டி அறியாது. உதவி கேட்கலாம் என்றாலோ, மொழி தெரியாத ஊர். ரயில்வேத் துறை இவ்விடர்ப்பாட்டை ஒருவாறு உணர்ந்தது போலும். தானியங்கிப் பயணச்சீட்டு இயந்திரங்களின் அருகே ஓய்வுபெற்ற ஊழியர்களைத் துணையாளராக அமர்த்தியிருக்கிறது. ரொக்கத்தை அவரிடம் தந்தால் தம் அட்டையைக் கொண்டு சீட்டு எடுத்துத் தருகிறார். இயந்திரத்திற்கு அருகே ஒரு மனிதர் எதற்கு என்று நகைப்போர் உண்டு. நாம் நகைக்கமாட்டோம்.

தம் மண்டபத்திலோ, குடியிருப்பு வளாகத்திலோ இத்தகைய பெட்டியை நிறுவ எண்ணும் சங்கத்தார், ஒப்பந்தம் எழுதுமுன் பொருள் விழுந்ததை அறியும் ஒளிக்கதிர் உள்ளதா என்று கேட்க வேண்டும். விலை சற்றுக் கூடினும் நோட்டும் நாணயமும் ஏற்கும் பெட்டியையே நாடலாம். இயலாதாயின், ரொக்கம் பெற்றுக்கொண்டு பொருள் எடுத்துத் தரக் காவலரையேனும் பொறுப்பாக்கலாம். க்யூ.ஆர். சதுரம் ஒட்டிய தாளாயிராது, விலையோடு திரையில் புதிதாய்த் தோன்றுவதாயிருத்தல் நலம். ஒட்டிய தாளின்மேல் கயவர் தம் தாளை ஒட்டிவிடுதல் நாம் கேள்விப்படாததன்று. உரிமையாளரின் தொலைபேசி எண் பெட்டியின் முகப்பிலேயே, அவ்வூர் மொழியோடு தமிழிலும் பெரிதாய் எழுதப்பட்டிருக்க வேண்டும். எண் இல்லாதவிடத்து இணையத்தில் தேடி, வஞ்சகர் வைத்த எண்ணுக்கு அழைத்துப் பெருந்தொகை இழந்தோர் உளர். பணத்தைத் திருப்பித் தருகிறோம், ரகசிய எண்ணை இடுங்கள் என்று எவரேனும் கூறினால் உடனே தொடர்பைத் துண்டியுங்கள். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் வேண்டுவதே இல்லை.