இரவில் கூந்தல் பேணுதல்

நீண்ட கூந்தலையுடைய பெண்மணிகள் அதனைப் பேணுவதற்காக மேற்கொள்ளும் முயற்சிகள் யாவும் பெரும்பாலும் பகற்பொழுதைச் சார்ந்தவை. எண்ணெய் தேய்ப்பதும், சீயக்காய் இட்டுக் குளிப்பதும், வாரிப் பின்னிப் பூச்சூடுவதும் பகலின் பணிகள். விளக்கை அணைத்தபின் கூந்தலைப் பற்றிய நினைவும் அணைந்துவிடுகிறது. ஆயினும் நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் நம் தலை தலையணையின்மீதுதான் கிடக்கிறது. அந்நேரம் முழுவதும் நாம் அசையாமல் படுத்திருப்பதுமில்லை. இரவில் பன்முறை புரள்கிறோம். ஒவ்வொரு புரளலிலும் கூந்தல் உடலின் பாரத்துக்கும் படுக்கைத் துணிக்கும் இடையே சிக்கி இழுபடுகிறது.

தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை; முடியெல்லாம் கொட்டுகிறது" என்பதே அது. சில மாதங்களில் அப்பேச்சு முடிவாக மாறி, இடைக்குக் கீழே தொங்கிய கூந்தல் தோளளவாகக் கத்தரிக்கப்பட்டுவிடும். விரும்பி வெட்டிக்கொள்வோரைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அஃது அவரவர் விருப்பம். வேறு வழியில்லையென்று எண்ணி, மனமில்லாமல் வெட்டிக்கொள்வோர்க்காகவே இவ்வுரை.

முதலில், முடி உதிர்வது வேறு, முடி அறுபடுவது வேறு என்பதை அறிதல் வேண்டும். காலையில் தலையணையில் கிடக்கும் முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெண்ணிறமான சிறு குமிழ் காணப்பட்டால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. குமிழ் இன்றி, குட்டையாக, இரு முனைகளும் ஒன்றுபோல் இருந்தால் அது நடுவே அறுபட்டது. வேரிலிருந்து நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பே. தலையில் ஏறக்குறைய ஓர் இலட்சம் முடிகள் உள்ளன என்பதை நினைத்தால் இது பெரிதன்று. பின்னலை இரண்டு மூன்று நாள் அவிழ்க்காமல் வைத்திருந்து பின்னர் அவிழ்த்தால், அத்தனை நாளும் உதிர்ந்தவை ஒருசேரக் கையில் வரும்; அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை.

வேரோடு உதிர்வது திடீரென மிகுந்தால், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் என்ன நேர்ந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, அளவுக்கு மீறிய பட்டினி ஆகியவற்றின் விளைவு தலையில் தெரிவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கிறது. ஊர் மாறி வந்த ஆண்டில் காய்ச்சலில் படுத்து எழுந்தவர், காய்ச்சலை மறந்துவிட்டுக் குழாய்த் தண்ணீரின்மேல் பழி போடுவது இதனால்தான். இவ்வகை உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்றுவிடும். நில்லாவிடில் இரத்தத்தில் இரும்புச்சத்தும் தைராய்டுச் சுரப்பும் சரியாக உள்ளனவா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடின நீர் முடியின்மீது சுண்ணாம்புப் படிவை விட்டு அதனைச் சொரசொரப்பாக்கும் என்பது உண்மையே. வேரையே அது அழிக்கும் என்பதற்குத் திடமான சான்று இல்லை.

அறுபட்ட முடிதான் நமது இரவுப் பொருள். முடியின் மேற்புறம் வீட்டுக்கூரை ஓடுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட நுண்ணிய செதில்களால் ஆனது. செதில்களின் விளிம்புகள் வேரிலிருந்து நுனியை நோக்கி அமைந்துள்ளன. ஆகவே வேர்ப்பக்கத்திலிருந்து நுனிவரை விரலால் நீவினால் வழவழப்பாக இருக்கும். எதிர்த்திசையில் நீவினால் பற்றும். தலையணையில் புரளும்போது திசை பார்த்துப் புரள்வார் யார்? செதில்கள் பெயர்கின்றன, ஒன்றோடொன்று கொக்கியிட்டுச் சிக்காகின்றன, காலையில் அவசரச் சீப்பு அச்சிக்கை அறுத்தெறிகிறது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அவ்வாறாயின் 90 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனி ஏறத்தாழ ஏழரை ஆண்டுகளுக்கு முன் தலையில் முளைத்தது. 2,500-க்கும் மேற்பட்ட இரவுகளைக் கண்ட நுனி அது. ஒருமுறை அறுபட்டால் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் ஆற்றல் முடிக்கு இல்லை. அஃது உயிரற்ற புரதம்.

ஈரக் கூந்தலோடு உறங்குவது இதனினும் கேடு. நீர் உட்புகும்போது முடியினுள்ளே இருக்கும் பிணைப்புகள் சில தளர்கின்றன. முடி பெருத்து, நீண்டு, எளிதில் அறுபடும் நிலையை அடைகிறது. ஈரத்தலையோடு படுத்தால் சளி பிடிக்கும் என்பது முன்னோர் அச்சம். சளிக்குக் காரணம் நுண்கிருமியே என்று இன்று அறிவோம். எனினும் காரணம் வேறானாலும் அவர்கள் விதித்த தடை நன்றே. தில்லியின் தை மாதக் குளிரில் விடியற்காலையில் தலைக்குக் குளித்து அலுவலகம் போவது எளிதன்று. ஆதலால் பலர் இரவில் குளித்து ஈரத்தை முடிந்துகொண்டு படுத்துவிடுகின்றனர். ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வெயிலை இதற்கென ஒதுக்கிக்கொள்வதே தக்கது. அறை சூடேற்றியின் முன்னோ அங்கீட்டிக் கரியடுப்பின் முன்னோ கூந்தலை விரித்து உலர்த்துதல் வேண்டவே வேண்டா. தீப்பற்றும் ஆபத்து ஒருபுறமிருக்க, மூடிய அறையில் கரிநெருப்பு வெளிவிடும் நச்சுக்காற்று உயிரையே வாங்கிவிடும்.

இனிச் செய்முறை. படுக்கைக்குச் செல்லுமுன் பூவையும் ஹேர்பின்களையும் கொண்டை ஊசிகளையும் எடுத்துவிட வேண்டும். அகன்ற பற்களையுடைய சீப்பினால், நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுக்க வேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் சிக்குகள் யாவும் கீழே திரண்டு முடிச்சாகிவிடும். பின்னர், பிடரியிலிருந்து தளர்ச்சியாக ஒற்றைப் பின்னல் பின்னுக. மூன்று புரிப் பின்னலே இரவுக்குப் போதுமானது. (வேணி என்னும் வடசொல்லுக்குப் பின்னல் என்றும் நீரோட்டம் என்றும் பொருளுண்டு. பிரயாகையில் ஆறுகள் கூடும் துறை திரிவேணி ஆயிற்று. மராட்டியர் இன்றும் சடையை வேணி என்றே வழங்குவர். மொழிபெயர்ப்பு வேலையில் ஆறும் சடையும் ஒரே சொல்லில் வந்து நிற்கும்போது ஒரு கணம் எழுதுகோல் நின்றுவிடுகிறது.) பின்னலின் நுனியை ரப்பர் பாண்டினால் இறுக்காமல், பழைய மெல்லிய துணிக் கிழிசலாலோ ரிப்பனாலோ கட்டுக. ரப்பர் பற்றும் இடத்திலேதான் முடி முதலில் வெட்டுண்ணும்.

பின்னலைப் போட்டபின் அதனை முதுகின்கீழ் விட்டுப் படுப்பது பயனற்றது. உடலின் பாரம் பின்னலின்மேல் இருக்க, தலைமட்டும் திரும்பும்போது வேர்கள் இழுபடும். பின்னலைத் தலையணைக்கு மேற்புறமாகத் தூக்கி விட்டுவிட வேண்டும். அல்லது உச்சியில் தளர்ந்த கொண்டையாகச் சுற்றி மெல்லிய துணி ஒன்றால் கட்டிக்கொள்ளலாம். மிக அடர்ந்த கூந்தலுக்கு இரட்டைப் பின்னல் வசதியானது. தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயிலில் இரண்டு இரவுகள் கழிப்போர் பின்னலை முன்புறம் மார்பின்மீது இட்டு முன்றானையால் மூடிக்கொள்வது நலம். நடைவழியில் தொங்கும் சடை பிறருடைய பெட்டியில் மாட்டும்.

தலையணை உறை பருத்தியாயின் உராய்வு மிகுதி. பட்டு, சாட்டின் ஆகியவற்றில் குறைவு. இக்காலத்தில் பட்டு உறைகள் என்ன விலைக்கு விற்கப்படுகின்றன என்பதைப் பார்த்தால் உறக்கமே போய்விடும். வாங்க வேண்டுவதில்லை. கட்டிக் கட்டி மெலிந்த பழைய பட்டுச்சேலை ஒன்று பெட்டியின் அடியில் கிடக்குமாயின், சரிகையை முழுவதும் நீக்கிவிட்டு உடற்பகுதியில் இரண்டு உறைகள் தைக்கலாம். சரிகை இருந்தால் முடியைப் பற்றி அறுக்கும். வடநாட்டுக் குளிருக்குக் கம்பளியைக் கழுத்துவரை போர்த்துகிறோம். கம்பளி இழைக்கும் செதில் உண்டு, ஆதலால் கூந்தலை அது விடாது பற்றும். ரஜாய்க்குப் போடுவதுபோலக் கம்பளிக்கும் மெல்லிய உறையொன்று போட்டுக்கொள்க.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். 2003-ஆம் ஆண்டில் மும்பை ஆய்வாளர் இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, தேங்காயெண்ணெய் மட்டுமே முடியின் புரத இழப்பைக் குறைத்தது என்று வெளியிட்டனர். அவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சார்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுவது முறை. எனினும் அதிலுள்ள லாரிக் அமிலம் சிறியதும் நேரானதுமான மூலக்கூறாதலால் முடிக்குள் புகுகிறது என்னும் விளக்கம் ஏற்கத்தக்கதே. இரவில் நுனிப்பகுதிக்குச் சில துளிகள் போதும். 24 பாகை வெப்பத்துக்குக் கீழே அவ்வெண்ணெய் உறையுமாதலால், குளிர்காலத்தில் குப்பியை வெந்நீரில் வைத்து இளக்கிக்கொள்க. பொடுகு உடையவர்கள் தலைத்தோலில் எண்ணெயை இரவெல்லாம் ஊறவிடலாகாது. பொடுகுக்குத் துணைபோகும் பூஞ்சை எண்ணெய்ப்பசையை உண்டே வாழ்வது. எண்ணெய் தோய்ந்த தலையணை உறையை வாரம் ஒருமுறையேனும் துவைக்காவிடில் நெற்றியில் பரு தோன்றும்.

பாதுகாப்பு என்று எண்ணி இறுக்கிப் பின்னுவது மிகப் பெரிய தவறாகும். இடைவிடாத இழுப்பினால் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி மெலிந்து போகும். கிரீன்லாந்து மக்களிடையே இந்நிலை காணப்பட்டதை 1907-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் பதிவு செய்துள்ளனர். தலைமுடியை மழிக்காத சீக்கியர் பலரிடமும் இது காணப்பட்டுள்ளது. பகலில் உச்சியில் இறுக முடிந்து தலைப்பாகைக்குள் வைக்கும் கேசத்தை இரவில் அவிழ்த்து, வாரி, தளர முடிந்து, சிறு துணியால் மூடிக்கொண்டு உறங்குவோர் அவர்களிடையே உளர். அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொள்ளத்தக்க பழக்கம் இது. தொடக்கத்திலேயே கட்டைத் தளர்த்தினால் முடி மீண்டும் வளரும்; பல்லாண்டுகள் சென்றபின் வேரே தழும்பாகிவிட்டால் வளராது. ஆதலின் பள்ளிக்குச் செல்லும் பெண்குழந்தையின் மடித்துக் கட்டிய இரட்டைச் சடையை இரவிலும் அப்படியே விட்டுவிடாதீர்கள். காலையில் நேரமில்லை என்பதற்காக இரவிலேயே இறுகப் பின்னிவிடும் தாய்மார்கள் இதனை மிகவும் கவனிக்க வேண்டும்.

கைக்குழந்தையுள்ள தாய்மார்கள் கூந்தலை இரவில் கட்டாமல் விடலாகாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இது பலரும் அறியாதது. பிரசவத்துக்குப்பின் சில மாதங்களில் தாயின் முடி மிகுதியாக உதிரும். உதிர்ந்த முடி ஒன்று குழந்தையின் கால்விரலிலோ கைவிரலிலோ சுற்றிக்கொண்டு, குழந்தை அசைய அசைய இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடுவதுண்டு. விரல் சிவந்து வீங்கும். வீக்கத்தில் முடி புதைந்து கண்ணுக்குத் தெரியாது. குழந்தை காரணமின்றி ஓயாது அழுவதாகவே தோன்றும். தாயும் பாட்டியும் அருகில்லாத ஊரில், நள்ளிரவில், வயிற்றுவலியோ உரமோ என்று மயங்குவது இயல்பே. அத்தகைய அழுகையின்போது காலுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலையும் பிரித்துப் பாருங்கள். முடி தெரிந்து எளிதில் அகன்றால் நன்று. அகலாவிடில் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். தாமதித்தால் விரலுக்கே கேடு நேரலாம். குழந்தையின் காலுறையை அவ்வப்போது புறம் திருப்பிப் பார்த்து, அதில் ஒட்டிய முடியை அகற்றிவிடும் பழக்கம் நல்லது.

இறுதியாக, நோயுற்றுப் படுக்கையில் கிடப்போர். ஊரிலிருந்து வயது முதிர்ந்த தாயையோ மாமியாரையோ அழைத்துவந்து வைத்துப் பேணும் இல்லங்கள் நம்மிடையே பல. இரவும் பகலும் மல்லாந்து கிடக்கும் தலையின் பின்புறத்தில் நான்கைந்து நாட்களிலேயே முடி கம்பளமாகத் திரண்டுவிடும். உடனே கத்தரிக்கோலைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. அவசரம் வேண்டா. திரண்ட இடத்தில் தேங்காயெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, விரல்களாலேயே வெளி ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகப் பிரிக்கலாம். ஒரே நாளில் முடியாவிட்டால் நாளுக்கு அரைமணி நேரமாக மூன்று நாட்கள் செய்யலாம். பிரித்தபின் நடுவகிடு எடுத்து, இரு காதுகளுக்கும் பின்னே தளர்ந்த இரண்டு பின்னல்களாகப் பின்னித் தோள்களின்மேல் முன்புறம் விட்டால், தலையின்கீழ் முடிச்சு எதுவும் இராது, தலையணையும் உறுத்தாது. நாள்தோறும் ஒரு பக்கம் அவிழ்த்து வாரினால் போதும், மற்றொரு பக்கத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் முதல் நாளே இவ்வாறு பின்னிவிட்டுச் செவிலியரிடமும் சொல்லி வையுங்கள். வெட்டியே தீரவேண்டிய நிலை வந்தாலும், நினைவோடிருக்கும் அம்மூதாட்டியை ஒரு வார்த்தை கேட்டபின் வெட்டுங்கள்.