மௌனி வேறு, மெளனி வேறு

தமிழ் இலக்கிய ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: பல்கலைக்கழக நூலகத்தின் கணினிப் பட்டியலில் எழுத்தாளர் 'மௌனி'யின் பெயரைத் தேடினால் ஒரு புத்தகமும் இல்லை என்கிறது, அலமாரிக்குப் போனால் புத்தகம் இருக்கிறது. எப்படி? மென்பொருள் பழசு, செயற்கை நுண்ணறிவு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பதில் இப்போது தயாராகக் கிடைக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. பட்டியல் 'இல்லை' என்று சொல்லும்போது அலமாரியைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. நீங்கள் அடித்த எழுத்துவரிசை தன் சொல்லடைவில் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் தமிழில் மிக அதிகம்.

தேடும்போதெல்லாம் கணினி லட்சக்கணக்கான பதிவுகளை முதலிலிருந்து படிப்பதில்லை. கல்யாண வீட்டு மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவர் வந்த வரிசையில் ஊர், பெயர், தொகை என்று எழுதியிருக்கும். மேலூர்க்காரர்கள் யார் யார் என்று அறிய நோட்டு முழுவதையும் புரட்ட வேண்டும். விவரமான ஒருவர் இரண்டாவது நோட்டு போடுகிறார்: ஊருக்கு ஒரு பக்கம், பெயருக்கு ஒரு பக்கம், ஒவ்வொன்றின் கீழும் முதல் நோட்டின் வரிசை எண்கள் மட்டும். மேலூர்ப் பக்கத்தில் 7, 31, 112. கந்தசாமிப் பக்கத்தில் 19, 31, 240. இரண்டிலும் இருப்பது 31. மேலூர் கந்தசாமி அகப்பட்டுவிட்டார். நூலகப் பட்டியலுக்குள் இருப்பதும் இப்படித் திருப்பி எழுதிய நோட்டுதான். சொல்லுக்கு ஒரு பக்கம், அதன் கீழ் புத்தக எண்கள். மொய் எழுதுபவர் பக்கத்தில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவரும் நூலகத்தில் உண்டு. 'கந்தசாமி', 'மு. கந்தசாமி', 'மேலூர் வாத்தியார்' என்று மூன்று விசேஷங்களில் மூன்று விதமாக எழுதினாலும் ஆள் ஒருவரே என்பது பெரியவருக்குத் தெரியும். அவர் இல்லாத வீட்டில் திருப்பிச் செய்யவேண்டிய மொய் விட்டுப்போகும். சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே என்று நூலகர் குறித்துவைக்கும் ஏட்டுக்கு அத்தாரிட்டி ஃபைல் என்று பெயர்.

இனி மௌனிக்கு வருவோம். இரண்டாவது நோட்டில் கணினி எழுதுவது எழுத்துகளை அல்ல, எண்களை. யூனிகோட் முறையில் 'மௌனி' என்பது 2990, 3020, 2985, 3007 என்ற நான்கு எண்கள். இதில் 3020 என்பது ஔகாரக் குறி. இடப்புறக் கொம்பும் வலப்புறத்து ள போன்ற வடிவமும் சேர்ந்து அதற்கு ஒரே எண். கண்ணுக்கு ள தெரிவதால் பலர் ள எழுத்தையே அடித்துவிடுகிறார்கள். அப்போது கிடைப்பது 'மெளனி': 2990, 3014, 2995, 2985, 3007. ஐந்து எண்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வேறுபாடு தெரியாது. பதிவு செய்தவர் ஒருவிதமாகவும் தேடுபவர் வேறுவிதமாகவும் அடித்தால், கணினிக்கு அவை 'மரம்', 'மாடு' போல இரண்டு தனிச் சொற்கள். 'ஔவையார்' பாடும் இதுவே; அவரை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகப் பிளந்து எழுதியிருப்பதை இணையமெங்கும் காணலாம். ஒகரத்தில் இந்த ஆபத்து குறைவு. 'கொ' என்பதை 2965, 3018 என்றும், கொம்பையும் காலையும் பிரித்து 2965, 3014, 3006 என்றும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதியே அறிவித்திருக்கிறது, மென்பொருள் அதைக் கடைப்பிடித்தால் போதும். ஔகாரத்தின் வலப்பாதிக்கும் யூனிகோட் 3031 என்று தனி எண் வைத்திருக்கிறது. ஆனால் மக்கள் அடிப்பது 2995, அசல் ள. அந்த ளகரத்துக்கு எந்தச் சமன்விதியும் இல்லை.

சரி, கொம்பு, ள என்று வருவதையெல்லாம் ஔகாரமாகத் திருத்திவிடலாமே? 'தெளிவு' கெடும், 'வெள்ளம்' கெடும். அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே என்று விதி எழுதினால் பெருமளவு சமாளிக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்த வழி அதைவிட எளியது: தவறானதைச் சரியாக்காமல், சரியானதைத் தவறாக்குவது. அடைவுக்குள் போகும் ஒவ்வொரு ஔகாரக் குறியையும் கொம்பு, ள என்று உடைத்துவிட வேண்டும்; தேடுபவர் அடிப்பதையும் அப்படியே உடைக்க வேண்டும். இப்போது யார் எப்படி அடித்தாலும் ஒரே பக்கத்தில் வந்து சேர்வார்கள். 'தெளிவு' தொடப்படாமலே இருக்கும். திரையில் தெரிவது மூலப்பதிவின் சரியான எழுத்து. உடைந்த வடிவம் எவர் கண்ணிலும் படாத இரண்டாம் நோட்டில் மட்டும் கிடக்கும். நிரலில் இது ஓரிரு வரி வேலை.

எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும் தேடல் இதைச் செய்துவிடாதா என்று கேட்கலாம். பல நூலகங்கள் பயன்படுத்தும் கோஹா மென்பொருளோடு இணைக்கக்கூடிய தேடுபொறியான எலாஸ்டிக்சர்ச், இத்தகைய தேடலின் தானியங்கி அமைப்பில் மூன்று முதல் ஐந்து குறிகள் உள்ள சொல்லுக்கு ஒரு மாற்றத்தைத்தான் அனுமதிக்கும். மௌனியிலிருந்து மெளனிக்குப் போக இரண்டு மாற்றங்கள் தேவை. இரண்டை அனுமதித்தால் 'மணி'யும் உள்ளே வந்துவிடும். (மௌனியின் இயற்பெயர் மணி என்பது தற்செயல், கணினிக்கு அது தெரியாது.) பொருளறிந்து தேடும் செயற்கை நுண்ணறிவு? 'காடழிப்பு' என்று கேட்டவருக்கு 'வனங்களின் அழிவு' என்ற தலைப்பைக் காட்ட அது உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் நூலகப் பதிவில் புத்தகத்தின் உள்ளடக்கம் கிடையாது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பொருள்தலைப்பு என்று சில சொற்களே உண்டு. ஒரு மனிதரின் பெயரில் பொருளை வைத்து ஊகிக்க என்ன இருக்கிறது? ஊகத்தில் பழகிய உரையாடல் கருவிகள் இல்லாத புத்தகத்துக்கும் தலைப்பு கொடுப்பதை நூலகர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தியையும் சொல்ல வேண்டும். 'தமிழ்' என்று தேடுபவருக்குத் 'தமிழ்ச் சிறுகதை'யும் 'தமிழ்ப் பண்பாடு'ம் தவறிப்போகலாம். வல்லினம் மிகுந்ததால் சொல் மாறிவிட்டது. சொல்லின் முன்பகுதியைக் கொடுத்து நட்சத்திரக் குறி போடும் வசதி இருந்தால், 'தமிழ்' என்று முடிக்காமல் புள்ளியை விட்டுவிட்டுத் 'தமிழ' என்று நிறுத்தி நட்சத்திரம் போடுங்கள். இலக்கணத்தில் மெய்யே அடிப்படை; யூனிகோடில் அகரமேறிய ழ அடிப்படை, புள்ளி அதன்மேல் வைக்கும் தனிக்குறி. ஆகவே 'தமிழ' என்பதற்குள் தமிழ்ச், தமிழில், தமிழர், தமிழகம் எல்லாம் அடங்கும். 'மர' என்று நிறுத்தினால் மரத்தோடு மரபும் மரணமும் வரும். குட்டைச் சொற்களில் இந்த உத்தி வேண்டாம்.

வரலாறு சுருக்கமாக: 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பேற்ற சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவதை வாசகரின் நேரத்துக்கே ஒதுக்கினார். 1960களில் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரசில் ஹென்ரியட் அவ்ரம் கணினி படிக்கும் நூற்பதிவு வடிவமான மார்க்கை உருவாக்கினார். யூனிகோடுக்கு முந்தைய அதன் எழுத்துத் தொகுப்பில் தமிழுக்கு இடமில்லை.

அதனால் அமெரிக்கப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் ஏறின. தமிழை ரோமன் எழுத்துக்கு மாற்ற அவர்கள் பயன்படுத்தும் அட்டவணைப்படி ச எங்கு வந்தாலும் 'சி' எழுத்துதான். சுந்தர ராமசாமியை 'எஸ்' போட்டுத் தேடுபவர் வெறுங்கையோடு திரும்பலாம். ஆனால் அதே அட்டவணையில் ஔகாரம் 'ஏ', 'யு' என்ற இரண்டு எழுத்து. தமிழ் தெரிந்த நூலகர் அட்டையைப் பார்த்து, பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்து எழுதியது அது. ளகரம் அதற்குள் நுழைய வழியே இல்லை. மௌனியைத் தமிழில் தேடிக் கிடைக்காதவர்கள் அந்தப் பட்டியல்களில் ரோமன் எழுத்தில் ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.